கொட்டும் கட்டமும்

ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்று நாள்தோறும் நிகழும் ஒரு செயலைப் பற்றித் தமிழாராய்ச்சி இதழில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஒருவர் முழவை முழக்குகிறார், அம்முழக்கம் பதிவாகிறது, பின்னர் அதனோடு பிற கருவிகளின் ஒலியைச் சேர்த்தற்பொருட்டுக் கணிப்பொறியின் கால அளவும் முழவின் கால அளவும் ஒன்றாக்கப்படுகின்றன. செயல் இவ்வளவே. ஆயின், இவ்விரண்டனுள் எதனை எதற்கு இணங்கச் செய்வது என்னும் வினா எழுந்தவுடன், அஃது இலக்கியத்துக்கும் இலக்கணத்துக்கும் உள்ள உறவு பற்றிய பழைய வினாவாகவே ஆகிவிடுகிறது. அவ்வினா தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஆதலின், அவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு தரும் விடை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆய்வுக்கு ஓர் இடம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த பெரியபட்டினத்தை யாம் எடுத்துக்கொள்கின்றோம். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அவ்வூர் மண்ணிற் கிடைத்தமையால், அது பண்டு கடல்வாணிகத்திற் சிறந்த துறையாக விளங்கியது என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. அயல்நாட்டார் அளவைகளும் உள்நாட்டார் அளவைகளும் ஒரே துறையில் எதிர்ப்பட்ட ஊர் அது. அங்குள்ள செய்யிதலி ஒலியுல்லா தர்காவின் சந்தனக்கூடு விழா, சமய வேறுபாடின்றி அப்பகுதி மக்கள் கூடும் விழாவாகும். மேளதாளம் முழங்கக் கூடு தெருக்களைச் சுற்றித் தர்காவை அடையும். இத்தகைய ஊர்வல முழக்கத்தினைப் பதிவு செய்து கணிப்பொறியில் ஏற்றினால் யாது நிகழும் என்பதே நம் வினா. அரங்கில் ஓரிடத்து அமர்ந்து வாசிக்கும் முழவினைக் காட்டிலும், நடந்தும் நின்றும் கூட்டத்தோடு இயைந்தும் முழங்கும் கொட்டு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. கருவியின் ஆற்றலும் குறையும் அதன்கண் தெளிவாக வெளிப்படும்.

1. கருவியின் இயல்பு

ஒலிப்பதிவுக் கூடத்தார் சீக்வென்சர் என வழங்குவது, இன்ன ஒலி இன்ன காலத்தில் எழுக என்னும் ஏவல்களை வரிசைப்படுத்தி வைத்து, அவ்வரிசையின்படி இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்யும் பொறியாகும். முன்னர்த் தனிப் பொறியாக இருந்த இஃது, இன்று பெரும்பாலும் கணிப்பொறியினுள் இயங்கும் ஒரு மென்பொருளாக உள்ளது. 1983இல் வெளியிடப்பட்ட மிடி என்னும் பொதுமுறை, வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் ஒன்றன் ஏவலை ஒன்று உணர்ந்து இயங்க வழிசெய்தது.

இம்முறையிற் காலம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தாளத்தின் ஓர் எண்ணிக்கை சிறுசிறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. அக்கூறுகள் 480 என்றோ 960 என்றோ கொள்ளப்படும். ஓர் அடி எண்ணிக்கையின் நட்டநடுவில் விழுவதாயின், 480 கூறுகளில் 240ஆவது கூற்றில் விழுந்தது எனப் பொறி குறித்துக்கொள்ளும். இக்கூறு நொடியின் பகுதியன்று என்பது நினைவிற் கொள்ளற்பாலது. அஃது எண்ணிக்கையின் பகுதி. எண்ணிக்கை விரைந்தால் கூறும் குறுகும். எண்ணிக்கை நீண்டால் கூறும் நீளும்.

அவ்வெண்ணிக்கை எத்துணை நேரம் நீள்வது என்பதைத் தனியே உரைக்கும் ஏவல் ஒன்று உண்டு. ஓர் எண்ணிக்கைக்கு இத்துணை மைக்ரோநொடி என அது கூறும். நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு மைக்ரோநொடியாகும். வேறு ஏவல் இல்லாதவிடத்து 5,00,000 மைக்ரோநொடி, அஃதாவது அரை நொடி, எனப் பொறி கொள்ளும். இதுவே நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்னும் வேகமாகும். ஒரு பாடலில் இவ்வேவல் எத்துணை முறையும் மாறலாம். எவ்வெவ்விடத்தில் எவ்வெவ்வாறு மாறுகிறது என்னும் தொகுப்பினைக் கூடத்தார் டெம்போ மேப் என்பர். யாம் அதனைக் காலவரைபடம் என வழங்குவோம்.

எனவே, கருவியின் அமைப்பில் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று, அடிகள் தம்முள் கொண்ட உறவு. மற்றொன்று, அவ்வுறவு ஓடும் காலத்தின் நடை. இவ்விரண்டும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன என்பதே இக்கட்டுரையின் அடிப்படை. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

2. மாறாக் காலமும் அதன் வரலாறும்

காலவரைபடத்தை மாறாத ஒரே வேகத்தில் வைத்து, முழக்குவோர் அதற்கு இணங்க வேண்டும் என்னும் வழக்கம் வலுப்பெற்றமைக்குக் காரணங்கள் உள. மேல்நாட்டில் 1815இல் மெல்சல் உரிமம் பெற்ற மெட்ரோனோம் என்னும் கருவி, வேகத்தை எண்ணாற் குறிக்கும் வழக்கத்தைப் பரப்பியது. 1980இல் ரோஜர் லின் என்பார் வெளியிட்ட எல்.எம்.-1 என்னும் தாளப்பொறி, வாசிப்பவரின் அடி சற்றே முந்தினும் பிந்தினும் அதனைத் தானே அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்தி அமைக்கும் வசதியினைக் கொண்டிருந்தது. இதனையே இன்று குவான்டைஸ் செய்தல் என்பர். தமிழ்த் திரையிசையில், 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா படத்தின் வாயிலாக அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் இசையில் அது முதன்மையான கருவிகளுள் ஒன்றாயிற்று.

இவ்வழக்கத்தின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் இருந்து வாசிப்போரும் ஒருவரோடொருவர் இயைய இம்முறை துணைசெய்கிறது. காதில் ஒலிக்கும் கிளிக் என்னும் ஓசையைக் கேட்டுக்கொண்டே உயிரோட்டத்துடன் வாசிக்க வல்ல கலைஞரும் பலர். ஆயின், அவர்கள் வாசிப்பது கிளிக்கைக் கேட்டு. சந்தனக்கூட்டின்முன் முழக்குவோர் கேட்பது கிளிக்கையன்று. உடன் முழக்குவோரையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் தம் காலடியையுமே அவர் கேட்கின்றனர். அவ்வாறு பிறந்த முழக்கத்தின்மீது பின்னர்க் கொணர்ந்து மாறாக் கட்டத்தினை இடும்போதே இடர் தோன்றுகிறது.

அவ்விடரை எண்ணால் விளக்குவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்தின்பொருட்டு யாம் கொண்டவையே. முழக்கம் நிமிடத்துக்கு 96 எண்ணிக்கை வேகத்தில் செல்வதாகவும், பொறியின் கட்டம் 100 என வைக்கப்பட்டிருப்பதாகவும் கொள்க. முன்னதில் ஓர் எண்ணிக்கை 0.625 நொடி, பின்னதில் 0.6 நொடி. வேறுபாடு 0.025 நொடியே. தனி ஓர் எண்ணிக்கையில் இதனைப் பொருட்படுத்துவார் சிலரே. ஆயின், முழவு 24 எண்ணிக்கையை முடிக்கும் 15 நொடியில், கட்டம் 25 எண்ணிக்கையை முடித்துவிடும். கால் நிமிடத்தில் ஓர் எண்ணிக்கை முழுதும் பிறழ்ந்து, சமம் இருக்க வேண்டிய இடம் மாறிவிடுகிறது. இந்நிலையிற் பொறியாளர் இரண்டனுள் ஒன்றைச் செய்தல் வேண்டும்: முழவின் அடிகளை வெட்டியும் நீட்டியும் கட்டத்துக்குக் கொணர்தல், அன்றிக் கட்டத்தையே முழவின் வழியே வளைத்தல். முன்னதைக் கட்டவழி என்றும் பின்னதைக் கொட்டுவழி என்றும் பெயரிட்டுக்கொள்வோம்.

3. மாத்திரை பற்றிய மரபு

இவ்விரு வழிகளுள் தமிழ் மரபுக்கு இயைந்தது எது? காலத்தின் அளவை முதற்கண் வரையறுத்தவர் நம் எழுத்திலக்கண ஆசிரியரே ஆவர். தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாகக் கூறியவை கண்ணிமையும் கைந்நொடியும். நன்னூலார் அதனை இயல்பான மாந்தரின் இமையும் நொடியும் எனத் தெளிவுபடுத்தினார். நாழிகை வட்டிலை அறிந்திருந்த சமுதாயத்தில், எழுத்தொலியை அளக்க மட்டும் மாந்தர் உடலே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது சிந்தித்தற்குரியது. பேசுவோன் உடலிலிருந்து பிறக்கும் ஒலியை அவ்வுடலின் இயல்பான அசைவே அளக்கத் தக்கது என அவர் கருதினர் போலும்.

மரபிலக்கணம் இன்னும் நுட்பமாகச் செல்கிறது. நொடித்தலாகிய ஒரு செயலை நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என நான்காகப் பகுத்து, முறையே கால், அரை, முக்கால், ஒன்று என மாத்திரையின் கூறுகளைக் காட்டுவர். இதன்கண் ஓசை எழுவது இறுதியில், விடுத்தலின்போதுதான். ஆயினும் அளவு தொடங்குவது நினைத்தலில். கை ஓங்கப்படுவதற்கு முன்னரே அடியின் காலம் தொடங்கிவிட்டது என்னும் இவ்வுண்மையை முழக்குவோர் அனைவரும் அறிவர். கணிப்பொறி அறிவது அதுவன்று. ஒலியலையின் உயரம் திடீரெனப் பெருகும் இடமே அதற்கு அடியின் இடமாகும். பொறி தானாகக் கண்டறிந்த அடிகளின் பட்டியலை அப்படியே ஏற்போர், நொடித்தலின் நான்கு கூறுகளுள் மூன்றினை விட்டு ஒன்றனை மட்டும் கொள்வோர் ஆவர்.

தொல்காப்பியர் செய்த மற்றொரு செயலும் ஈண்டு எண்ணத்தக்கது. எழுத்துக்களுக்கு ஒன்று, இரண்டு, அரை என அளவு வகுத்த அவரே, நூன்மரபின் இறுதியில், இசையோடு பொருந்துமிடத்து உயிர் தன் அளவிறந்து ஒலித்தலும் ஒற்று நீண்டு இசைத்தலும் உண்டு என்றும், அது நரம்பின் நூலாகிய இசைநூலின்பாற்படும் என்றும் கூறி அமைந்தார். தாம் வகுத்த அளவு இசையை ஆளும் என அவர் கூறவில்லை. இசையில் நிகழும் நீட்சியைப் பிழை எனவும் கூறவில்லை. அளவு செல்லும் எல்லையைக் காட்டி, அதற்கப்பால் உள்ளதனை உரிய நூலுக்கு விட்டார். இலக்கண ஆசிரியர்க்கு இருக்கவேண்டிய இவ்வடக்கமே காலவரைபடம் வரைவார்க்கும் வேண்டப்படுவது.

தாளத்தின் அளவைகளும் இவ்வாறே அமைந்தன. சிலப்பதிகார உரைகளில் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்பன முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரையின என விளக்கப்படுகின்றன. இவை ஒன்றற்கொன்று கொண்ட உறவையே உரைக்கின்றன. விரைவு இன்னது என உரைக்கவில்லை. விரைவினைக் காலப்பிரமாணம் எனத் தனியே கொள்வது இன்றும் கருநாடக இசையின் வழக்கு. அடிகளின் உறவு ஒரு பாலும் காலத்தின் நடை மற்றொரு பாலுமாக நிற்கும் இவ்வமைப்பும், சீக்வென்சரினுள் நாம் முன்னர்க் கண்ட ஈரடுக்கு அமைப்பும் ஒன்றே அன்றோ! ஆதலின், பொறியே முழவின் உயிர்ப்பைக் கெடுக்கிறது எனப் பழிப்போர் கூற்று முற்றும் பொருந்துவதன்று. பொறி இரண்டடுக்கினையும் தந்துள்ளது. அவற்றுள் காலத்தின் அடுக்கினை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டுப் பயன்கொள்ளாது விடுவது நம் வழக்கத்தின் குற்றமேயாகும்.

4. குறி இடும் இடம்

கொட்டுவழியே ஏற்றது என்று கொண்டால், வினா முடிந்துவிடவில்லை. உண்மையில் அங்கேதான் திறனாய்வாளன் வேலை தொடங்குகிறது. கட்டத்தை முழவின் வழியே வளைக்க வேண்டுமாயின், முழக்கத்தின் எவ்வெவ்வடியில் குறியிட்டு வளைப்பது? கேட்கும் ஒவ்வோர் அடியிலும் குறியிட்டால் முழவுக்கு முற்றும் உண்மையாக இருப்போம் என்று பலரும் எண்ணுவர். இதுவே கட்டவழியினும் மறைவான பிழை என்பது எம் கருத்து.

எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். ஓர் எண்ணிக்கை 0.6 நொடி நீள்வதாகவும், அதன்கண் இரண்டு அடிகள் விழுவதாகவும் கொள்க. சரிபாதியாயின் இரண்டாம் அடி 0.3 நொடியில் விழும். முழக்குவோர் அதனைச் சற்றே தாழ்த்தி 0.34 நொடியில் இடுகின்றார். அடுத்த எண்ணிக்கை 0.6இல் பிழையின்றித் தொடங்குகிறது. இவ்வாறே ஒவ்வோர் எண்ணிக்கையிலும் செய்கின்றார். எண்ணிக்கையின் தொடக்கத்தில் மட்டும் குறியிட்டால், வரைபடம் நிமிடத்துக்கு 100 என நேரே செல்லும். இரண்டாம் அடி 0.04 நொடி தாழ்ந்து விழுவது அடியின் பண்பாகத் தனியே தெரியும். இதுவே நிகழ்ந்தது. ஆனால், இரண்டடியிலும் குறியிட்டாலோ, முதற்பாதியின் வேகம் ஏறத்தாழ 88 என்றும் அடுத்த பாதியின் வேகம் ஏறத்தாழ 115 என்றும் வரைபடம் வாள்பல் போல் ஏறி இறங்கும். அடிகள் யாவும் கட்டத்தின்மீது சரியாக விழுந்தனவாகத் தோன்றும். முழக்குவோர் காலத்தை மாற்றவேயில்லை. வரைபடமோ அவர் நொடிதோறும் காலத்தை மாற்றினார் என்கிறது. அவர் செய்த தாழ்ப்போ வரைபடத்தில் காணப்படவேயில்லை. உண்மைக்கு நெருங்கும் முயற்சியே உண்மையை மறைத்துவிட்டது.

அவ்வரைபடத்தின்வழியே பின்னர்ச் சேர்க்கப்படும் குழலும் நரம்பும் அவ்வேற்றத்தாழ்வுக்கு ஆட்பட்டு, முழவோடு முழவாகத் தாழ்ந்தும் விரைந்தும் ஒலிக்கும். முழவு தாழ்ந்தது என்பது, தாழாத ஒன்று உடன் நிற்கும்போதன்றி விளங்காது. எல்லாம் ஒருங்கே தாழ்ந்தால் தாழ்வு என்பதே இல்லையாகிவிடும்.

இவ்விடத்தில் யாப்பிலக்கணம் நமக்குத் துணைவருகிறது. கண், பா, பால் என்னும் மூன்றனையும் நோக்குக. முதலது ஒன்றரை மாத்திரை, இரண்டாவது இரண்டு, மூன்றாவது இரண்டரை. மாத்திரையில் மூன்றும் வேறுபடினும் அலகிடும்போது மூன்றும் நேரசையே. எழுத்தின் மாத்திரையை அத்துணை நுட்பமாக அளந்த மரபு, செய்யுளை அலகிட வந்தவிடத்து அம்மாத்திரை வேறுபாட்டினை அசையினுள் அடங்கவிட்டு, அசையும் சீரும் அடியும் கொண்டு செய்யுளின் நடையை அளந்தது. மாத்திரையை அது மறந்ததன்று. அதற்குரிய தளம் வேறு என உணர்ந்தது. காலவரைபடம் வரைவோரும் இவ்வாறே தளம் அறிதல் வேண்டும். அடிகளின் நுண்ணிய முந்துதலும் பிந்துதலும் எழுத்தின் மாத்திரை போன்றன. காலத்தின் நடை சீர், அடி போன்றது. ஒன்றற்குரிய அளவுகோலை மற்றொன்றன்மீது வைத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் சீர் எது, அடி எது என்று அறிவது எவ்வாறு? பொறி காட்டும் அலைவடிவத்தில் அதனைத் தேடுதல் வீண். முழக்கத்தோடு இயங்கும் மாந்தரே அதனைக் காட்டுவர். ஊர்வலத்தில் நடப்போரின் காலடி எங்கு விழுகிறது, உடன் தட்டுவோரின் கைகள் எங்கு ஒன்றுகூடுகின்றன, தீர்மானம் வைத்து முழக்குவோர் எங்குத் திரும்பத் தொடங்குகின்றனர் என்பவற்றை நோக்கி, அவ்விடங்களில் மட்டும் குறியிடுக. குறிகளுக்கு இடைப்பட்ட அடிகள் விழுந்த இடத்திலேயே விழுந்தவாறு இருக்கட்டும்.

5. கேட்கும் இடம்

ஊர்வல முழக்கத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். முழக்குவோர் இருவர் 17 மீட்டர் இடைவெளியில் நடப்பின், ஒருவர் அடி மற்றவர் செவியை அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 100 என்னும் வேகத்தில் இஃது ஓர் எண்ணிக்கையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. 34 மீட்டராயின் ஆறில் ஒரு பங்கு. கூட்டத்தின் முன்னே ஒலிவாங்கி இருப்பின் முன்னவர் முந்தியும் பின்னவர் பிந்தியும் பதிவாவர். பின்னே இருப்பின் நிலை மாறிவிடும். இரண்டு பதிவுகளிலிருந்து இரண்டு வரைபடங்கள் பிறக்கும். இரண்டும் உண்மையே. ஒன்றனை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னவர்க்கும் பின்னவர்க்கும் உள்ள இடைவெளியைப் பயிற்சிக் குறை எனத் தீர்ப்புக் கூறுவோர், காற்றின் செயலைக் கலைஞர்மீது ஏற்றுவோர் ஆவர்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் காட்டிய நெறியை நாம் அறிவோம். ஒலிப்பதிவுக்கும் அந்நெறி வேண்டும். இப்பதிவு எங்கு நின்று கேட்டது, ஒலிவாங்கி நிலைத்து நின்றதோ உடன் நடந்ததோ, எக்கருவியின் அருகே இருந்தது என்பன குறிக்கப்பெறாத காலவரைபடம், சுவடியின் பெயர் கூறாத பதிப்பினை ஒக்கும்.

மற்றொன்று நிறுத்தம். கூடு ஒரு தெருமுனையில் நிற்கிறது. முழக்கம் ஒரு முத்தாய்ப்போடு ஓய்கிறது. ஆறு நொடி கழித்து மீண்டும் எழுகிறது. தொடர்ந்து எண்ணியே ஆகவேண்டிய பொறியில் இவ்வாறு நொடியை ஓர் எண்ணிக்கையாகக் காட்டினால், அவ்விடத்து வேகம் நிமிடத்துக்கு 10 என வரைபடம் கூறும். முழக்கம் ஒருபோதும் அவ்வாறு தாழ்ந்ததில்லை, அது ஓய்ந்தது. கார்வை வேறு, ஓய்வு வேறு. கார்வையில் எண்ணிக்கை உள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வில் எண்ணிக்கையே இல்லை. ஒரு செய்யுள் முடிந்து மறுசெய்யுள் தொடங்கும் இடைவெளியை எவரும் அலகிடுவதில்லை. ஊர்வலப் பதிவினையும் அவ்வாறே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் வரைதலே முறை.

6. தடையும் விடையும்

இவற்றிற்குச் சில தடைகள் எழுப்பப்படலாம். முழக்குவோர் தவறும் இடமும் உண்டன்றோ, அத்தவற்றினையும் இலக்கணமாக்குவதா என்பது ஒன்று. தவறு உண்டு என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆனால், தவற்றினையும் நடையினையும் பிரித்தறிய வழி உண்டு. ஒரே கோவை மீண்டும் மீண்டும் வருங்கால், ஒரே இடத்தில் ஒரே வகையாகத் தாழும் அடி அவருடைய நடை. ஒருமுறை மட்டும் பிறழ்ந்து, அடுத்த சுற்றில் சரியாக விழும் அடி வழுவாதல் கூடும். ஐயம் நீங்காவிடின் முழக்கியவரையே கேட்டறிதல் வேண்டும். கட்டவழியோ இவ்விரண்டனையும் ஒருசேர அழித்துவிடுகிறது. வழுவை நீக்கும் ஆர்வத்தில் நடையையும் நீக்குவது, ஏட்டின் எழுத்துப்பிழையைத் திருத்துவோன் புலவனின் சொல்லாட்சியையும் திருத்திவிடுவதற்கு ஒப்பாகும்.

இசையை எண்ணால் அளத்தலே தகாது என்பது மற்றொரு தடை. இதனையும் யாம் ஏற்கவில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதிகளைக் கணக்கிட்டு, ஒரு தாயியில் 24 சுருதி எனக் காட்ட முயன்றார். அவர் முடிபை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆனால், அளந்தமையாலன்றோ அவ்வாராய்ச்சி வாதத்துக்குரிய தெளிவினைப் பெற்றது? அளத்தல் இசைக்குப் பகையன்று. அளந்ததைக் கொண்டு அளக்கப்பட்டதனைத் திருத்தப் புகுதலே பகை.

பிற கருவிகள் மாறும் வேகத்தைப் பின்பற்றல் அரிது என்பது மூன்றாவது தடை. இது நடைமுறைத் தடை, மெய்யானதும்கூட. இதற்கு விடை சிலப்பதிகாரத்தில் உள்ளது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் காட்டும் தண்ணுமை ஆசிரியன், பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வல்லவன். யாழும் குழலும் அவனோடு இயைந்து சென்றன. காலத்தின் காவலனாக ஒரு மாந்தனை அரங்கின் நடுவே நிறுத்தியது அம்மரபு. கொட்டுவழியில் வரைந்த காலவரைபடம், அக்காவலன் சென்ற தடத்தினைப் பொறிக்கும் பிற கருவிக்கும் காட்டும் வழித்துணையாக அமையும்.

7. முடிபு

இதனால் எய்துவது என்ன என்று கேட்கலாம். ஒரு பாடல் சற்று இனிமையாக அமைவது மட்டுமே பயனாயின் இத்துணை எழுதவேண்டியதில்லை. இளைய தலைமுறையினர் இன்று கொட்டின் வகைகளை ஆசிரியரிடம் கற்பதோடு, பதிவுகளைக் கேட்டும் கற்கின்றனர். கட்டத்தில் வெட்டி ஒட்டப்பட்ட முழக்கமே அவர் செவிக்கு எட்டுமாயின், அதுவே சரியான அளவு என்றும், தம் ஊர்ப் பெரியவர் கையிற் கேட்பது தவறு என்றும் அவர் கருதத் தலைப்படுவர். பெரியபட்டினத்துத் தெருவில் நடந்து நடந்து உருவான ஒரு நடை, அதனைக் காக்க எடுத்த பதிவினாலேயே அழிந்துபோதல் கூடும். அழிந்தபின் ஒப்புநோக்க மூலமும் இராது.

ஆதலின் மூன்று நெறிகளை யாம் முன்வைக்கின்றோம். முதலாவது, மூலப்பதிவினை ஒரு சிறிதும் மாற்றாது தனியே வைத்தல் வேண்டும். இரண்டாவது, காலவரைபடத்தினை அதற்கு எழுதிய உரையாகக் கருதித் தனிக்கோப்பாக வைத்து, எவ்வெவ்விடத்தில் எக்காரணத்தால் குறியிட்டோம் என்பதையும் எங்கு நின்று கேட்டோம் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வுரையினை முழக்கியோர்க்கே காட்டி, அவர் ஒப்பிய பின்னரே அதன்மீது வேறிசை சேர்த்தல் வேண்டும்.

உரையாசிரியர் பலர் ஒரு நூலுக்கு உரை காணலாம், நூல் மாறுவதில்லை. ஒருவர் வரைந்த காலவரைபடம் பிழையெனின், பின்வருவோர் மூலத்தைக் கேட்டு வேறொன்று வரைவர். இலக்கியத்தினின்றும் இலக்கணம் எடுக்கப்படும் என்பது நம் முன்னோர் துணிபு. கொட்டு இலக்கியம்; கட்டம் இலக்கணம். முற்பட்டதனை முற்பட வைத்தலே இத்துறையிலும் முறையாகும்.